அரசும் தனிமனிதனும்: எம். பி. டி. ஆசார்யா எழுப்பிய கேள்வி

'அராஜகம்' என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் நம் மனக்கண்முன் தோன்றுவது என்ன? கல்வீச்சு, தீவைப்பு, கொள்ளை, கேட்பாரற்ற நிலை. பத்திரிகைகளும் மேடைகளும் இச்சொல்லை இந்தப் பொருளிலேயே வழங்கி வருகின்றன. ஆனால், அரசன் இல்லாமை என்பதே சொல்லின் நேர்ப்பொருள். அரசன் இல்லாத நாட்டில், பெரிய மீன் சிறிய மீனை விழுங்குவதுபோல் வலியவன் எளியவனை விழுங்குவான் என்று மகாபாரதத்துச் சாந்தி பருவம் எச்சரிக்கிறது. அந்த எச்சரிக்கையே நாளடைவில் சொல்லின் பொருளாக நிலைத்துவிட்டது போலும்.

ஐரோப்பாவிலும் இதே பொருளுடைய கிரேக்கச் சொல் நெடுங்காலம் வசைச் சொல்லாகவே வழங்கிற்று. 1840ஆம் ஆண்டில் புரூதோன் என்னும் பிரெஞ்சு அறிஞர் அந்த வசையை மனமுவந்து ஏற்றுத் தம் கொள்கைக்கே பெயராக்கினார். அவருக்குப் பின்னர் ரஷ்யாவில் பிறந்த பக்கூனினும் குரோபாட்கினும் அக்கொள்கையை வளர்த்தனர். மேலிருந்து கட்டளையிடும் அதிகாரம் ஒன்று இல்லாமலே, மனிதர்கள் தாமாக ஒப்பி அமைக்கும் சங்கங்களாலும் கூட்டுறவாலும் சமுதாயம் ஒழுங்காக நடைபெறக்கூடும் என்பது அதன் சாரம். இதனை 'அராஜகவாதம்' என்று மொழிபெயர்த்தால், வழக்கை விசாரிக்கு முன்னரே தீர்ப்பு எழுதியதாக முடியும். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நம் போன்றோர் நன்கு அறிந்த சங்கடம் இது. ஆகவே இக்கட்டுரையில் இதனை 'ஆட்சியின்மைக் கொள்கை' என்றே வழங்குவோம்.

இக்கொள்கையை அறிந்துகொள்ள நாம் பாரிசுக்கோ மாஸ்கோவுக்கோ போக வேண்டுவதில்லை. சென்னையில் பிறந்து, பாரதியாரின் பத்திரிகைப் பணியில் பங்கு கொண்டு, மூன்று கண்டங்களில் அலைந்து, இறுதியில் இந்த மும்பை மாநகரிலே வறுமையில் மறைந்த ஒருவர் இதனைத் தம் வாழ்வின் முடிந்த முடிபாகக் கொண்டிருந்தார். எம். பி. டி. ஆசார்யா என்று சரித்திரம் அறியும் மண்டயம் பார்த்தசாரதி திருமலாசார்யா அவர். அவரை அறிந்த தமிழர் இன்று மிகச் சிலரே.

ஆசார்யா 1887 ஏப்ரல் 15ஆம் நாள் பிறந்தார். தேசபக்தியில் தோய்ந்த மண்டயம் குடும்பத்தார் 1906இல் சென்னையில் 'இந்தியா' வாரப் பத்திரிகையைத் தொடங்கியபோது, அதன் ஆசிரியப் பொறுப்பைப் பாரதியார் ஏற்றார். 1908இல் ராஜநிந்தனைச் சட்டம் அப்பத்திரிகையின்மீது பாய்ந்தது. பதிவேட்டில் ஆசிரியராகப் பெயர் கொடுத்திருந்த சீனிவாசன் ஐந்தாண்டுத் தண்டனை பெற்றார். பாரதியார் பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட புதுச்சேரிக்குச் சென்றார், பத்திரிகையும் அங்கே சென்றது, ஆசார்யாவும் சென்றார். ஒரு கருத்தை அச்சிட்டதற்காக மனிதரைச் சிறையில் அடைக்கவும் ஊரைவிட்டு ஓட்டவும் வல்லது அரசு என்ற பாடத்தை, இருபத்தொரு வயதிலேயே அவர் கண்ணாரக் கண்டார்.

அவ்வாண்டின் இறுதியில் கொழும்பு வழியாகக் கப்பலேறி ஐரோப்பா சேர்ந்தார். லண்டனில் சியாம்ஜி கிருஷ்ணவர்மா நிறுவிய இந்தியா விடுதியில் வ. வே. சு. ஐயர், சாவர்க்கர் முதலியோருடன் பழகினார். 1909இல் மொராக்கோவில் ஸ்பானிய ஆட்சியை எதிர்த்துப் போரிட்டு வந்த ரிஃப் மக்களுடன் சேர்ந்து போர்ப்பயிற்சி பெறப் புறப்பட்டார், அம்முயற்சி கைகூடவில்லை. பின்னர் பாரிஸ், பெர்லின், கான்ஸ்டான்டிநோபிள், அமெரிக்கா என்று அவர் பயணம் நீண்டது. முதல் உலகப் போரின்போது பெர்லினில் இயங்கிய இந்தியப் புரட்சியாளர் குழுவில் இருந்தார். 1919இல் மாஸ்கோவில் லெனினைக் கண்டு பேசிய இந்தியர்களுள் அவரும் ஒருவர். 1920 அக்டோபர் 17ஆம் நாள் தாஷ்கண்டில் இந்தியக் கம்யூனிஸ்டுக் கட்சி அமைக்கப்பட்ட கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவரும் அவரே.

இவ்வளவும் படிப்போர், இவர் அரசாங்கத்தைக் கைப்பற்ற முயன்ற ஒரு புரட்சிக்காரர், அவ்வளவுதான் என்று எண்ணக்கூடும். ஆனால், தாஷ்கண்டுக் கூட்டத்துக்குப் பின் சில மாதங்களுக்குள் எம். என். ராய்க்கும் அவருக்கும் கருத்து வேற்றுமை முற்றி, அவர் தலைமைப் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார். அக்காலத்து ரஷ்யாவில் அவர் கண்ட காட்சிகள் அவரை வேறு திசையில் திருப்பின. 1921 பிப்ரவரியில் முதியவர் குரோபாட்கின் காலமானார். அடுத்த மாதமே குரோன்ஸ்தாத் துறைமுகத்து மாலுமிகள், சோவியத்துகளுக்குச் சுதந்திரமான தேர்தல் வேண்டும் என்று கேட்டு எழுந்தபோது, தொழிலாளர் பெயரால் ஆண்ட அரசே படையனுப்பி அவர்களை அடக்கியது. தொழிலாளர்களின் பிரதிநிதிகள் ஆட்சிப் பீடத்தில் அமர்ந்த கணமே தொழிலாளர்களாக இருப்பதை விட்டு ஆள்வோராக மாறிவிடுவர் என்று பக்கூனின் அரை நூற்றாண்டுக்கு முன்பே மார்க்சுடன் வாதாடியிருந்தார். அவ்வாதம் நூலிலிருந்து இறங்கித் தெருவில் நடந்ததை அக்காலத்து ரஷ்யா காட்டிற்று.

1922இன் பிற்பகுதியில் ஆசார்யா, ரஷ்ய ஓவியரான தம் மனைவி மாக்தா நாக்மனுடன் பெர்லின் சேர்ந்தார். அவ்வாண்டு டிசம்பரில் அந்நகரில் கூடிய மாநாடு ஒன்று, அரசையும் அரசியல் கட்சிகளையும் சாராத தொழிற்சங்கங்களின் சர்வதேசச் சங்கத்தை நிறுவிற்று. அவ்வியக்கத்தோடு அவர் தம்மைப் பிணைத்துக்கொண்டார். அச்சங்கத்தின் பிரசுரங்களை அவர் இந்தியாவுக்கு அனுப்பியபோது, பிரிட்டிஷ் இந்திய அரசாங்கம் கடல் சுங்கச் சட்டத்தைக் கொண்டு அவற்றைத் தடுத்தது. கள்ளச் சரக்கைத் தடுக்கப் பிறந்த சட்டம் கருத்துகளைத் தடுக்கும் வேலையையும் செய்தது. தாயகம் திரும்பும் அனுமதிக்கும் பாஸ்போர்ட்டுக்குமாக அவர் பிரிட்டிஷ் அலுவலகங்களோடு ஆண்டுக்கணக்காகக் கடிதப் போக்குவரத்து நடத்தவேண்டியிருந்தது. 1933இல் ஹிட்லர் பதவிக்கு வந்தபின் ஜெர்மனியும் வாழத் தகாத இடமாயிற்று. 1935இல் பம்பாய்த் துறையில் வந்திறங்கினார். நாட்டைவிட்டுப் போய் இருபத்தாறு ஆண்டுகள் கடந்திருந்தன.

இவ்வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பிரிட்டிஷ் ஏகாதிபத்தியம், போல்ஷ்விக் அரசு, நாஜி ஆட்சி ஆகிய மூன்றும் கொள்கையால் ஒன்றுக்கொன்று பகையானவை. ஒன்றின் கொடுமையை மற்றொன்றின் கொடுமையோடு நிறுத்துச் சமன் செய்தல் தகாது. எனினும் மூன்றையும் கீழிருந்து, அதாவது காகிதம் இல்லாதவனாகவும் கண்காணிக்கப்படுபவனாகவும் இருந்து பார்த்தவர் ஆசார்யா. கொடிகள் வேறு வேறாயினும் வாயிற்காவலன் கேட்ட கேள்வி ஒன்றாகவே இருந்தது: 'உன் சீட்டு எங்கே? உனக்கு அனுமதி கொடுத்தவர் யார்?' ஆளும் கை மாறுவதனால் மட்டும் ஆளப்படுபவன் விடுதலை அடைந்துவிடுவதில்லை என்று அவர் முடிவு கட்டியதற்கு இந்த அனுபவமே அடிப்படை எனலாம்.

பம்பாயில் அவர் வாழ்ந்த பத்தொன்பது ஆண்டுகளும் எழுத்தாலே நிறைந்தவை. மாவு ஆலை உடைமையாளரும் முற்போக்கு எண்ணங்களின் புரவலருமான ரண்சோட்தாஸ் லோட்வாலா நடத்திய சமூகவியல் நிலையத்தோடு அவருக்குத் தொடர்பு ஏற்பட்டது. விடுதலைக்குப் பின் அந்நிலையம் அதிகாரம் சாராச் சோஷலிசத்தின் பெயரையே சூடிக்கொண்டு, பக்கூனின் முதலியோருடைய சிறு நூல்களை வெளியிட்டது. ஆசார்யாவும் ஆட்சியின்மைக் கொள்கை யாது என்பதை விளக்கி 1948இல் வெளியான தொகுப்பு நூல் ஒன்றில் கட்டுரை எழுதினார். 'ஹரிஜன்' இதழிலும் எழுதினார். மத்தியில் இருந்து திட்டமிட்டு நாடு முழுவதற்கும் பொருளாதாரத்தை நடத்தும் முறையை அவர் ஐயத்துடனேயே நோக்கினார். முதலாளியின் இடத்தில் சர்க்கார் அமர்ந்தால் தொழிலாளிக்கு எசமானன் மாறினானே அன்றி, அவன் எசமானன் இல்லாதவன் ஆகிவிடவில்லை என்பது அவர் கட்சி. 1951 பிப்ரவரியில் மாக்தா, தம் ஓவியக் கண்காட்சி தொடங்கவிருந்த வேளையில் காலமானார். மூன்றாண்டுக்குப்பின் 1954 மார்ச் 20ஆம் நாள் ஆசார்யாவும் மறைந்தார்.

'ஹரிஜன்' இதழில் ஆட்சியின்மைவாதி ஒருவர் எழுதுவதா என்று வியக்க வேண்டுவதில்லை. காந்தியடிகளே 1916 பிப்ரவரியில் காசி இந்து சர்வகலாசாலைத் தொடக்க விழாவில், தாமும் ஓர் அராஜகரே என்றும், ஆயின் வேறு வகைப்பட்டவர் என்றும் கூறி, மேடையிலிருந்த பிரமுகர்களைத் திடுக்கிடச் செய்தார். குண்டெறிதலையும் மறைவுச் செயலையும் அவர் அங்கே கண்டித்தார். அச்சத்தால் ஆள்வதையும் கண்டித்தார். 1934இல் நிர்மல் குமார் போஸுடன் உரையாடியபோது, அரசு என்பது திரண்டு அமைப்பு வடிவம் பெற்ற வன்முறை என்றும், தனிமனிதனுக்கு ஆன்மா உண்டு, அரசோ ஆன்மா இல்லாத இயந்திரம் என்றும் தம் அபிப்பிராயத்தை வெளியிட்டார். 1930இல் உப்புச் சத்தியாக்கிரகம் நடந்த காலத்தில் ஆசார்யா ஐரோப்பியப் பத்திரிகைகளில் காந்திய முறையை ஆதரித்து எழுதியதன் காரணமும் இதுவே. ஆளப்படுவோர் ஒத்துழைக்க மறுத்தால் எந்த அரசும் நில்லாது என்பதை அம்முறை நாடறியச் செய்தது.

இனி, இந்தக் கேள்வியை அவர் உயிர்விட்ட மாநகரின் மண்ணிலேயே வைத்து ஆராய்வோம். மாட்டுங்காவும் தாராவியும் அருகருகே உள்ள பகுதிகள். இரண்டும் தமிழர் பெருக வாழ்ந்த இடங்கள். ஆனால் பிறந்த விதம் வேறு.

1896இல் பம்பாயில் பிளேக் நோய் பரவியது. மறு ஆண்டு தொற்றுநோய்ச் சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டத்தின் பலத்தால் அதிகாரிகள் வீடு புகுந்து சோதித்தனர். நோயாளியைக் குடும்பத்தினரிடமிருந்து பிரித்துச் சென்றனர். தட்டுமுட்டுச் சாமான்களை எரித்தனர். மக்கள் நோய்க்கு அஞ்சியதைவிடச் சோதனைக்கு அதிகம் அஞ்சி நோயாளிகளை ஒளித்தனர். 1898 மார்ச்சில் பம்பாயில் கலவரமே மூண்டது. அதே 1898இல் நகரச் சீரமைப்பு டிரஸ்ட் ஒன்று அமைக்கப்பட்டது. அந்த டிரஸ்ட் நிலம் எடுத்துத் தெரு வகுத்து மனை பிரித்து உண்டாக்கிய குடியிருப்பே தாதர், மாட்டுங்கா. அங்கே அலுவலகங்களில் பணியாற்ற வந்த தென்னாட்டார் குடியேறினர். 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் நிறுவப்பட்டது. அரசின் திட்டத்தால் பிறந்த ஊர் அது.

தாராவியோ திட்டமின்றிப் பிறந்தது. சதுப்பு நிலத்தை அண்டிய மீனவர் குப்பத்தின் பக்கத்தில், நகரத்தார் தம்மருகே வைத்துக்கொள்ள விரும்பாத தோல் பதனிடும் தொழில் வந்து சேர்ந்தது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தோரும், குஜராத்திலிருந்து வந்த குயவரும் தத்தம் கையாலேயே மண் கொட்டி மேடாக்கிக் குடிசை கட்டினர். ஒருவர் வந்து கால் ஊன்றியபின் தம் ஊராரை அழைத்தார், சீட்டுப் பிடித்துக் கடன் கொடுத்தனர், சங்கம் அமைத்தனர். ஒத்துழைப்பே உயிர்களின் வளர்ச்சிக்குக் காரணம் என்று குரோபாட்கின் 1902இல் எழுதிய நூலுக்கு, அந்நூலைக் கேட்டறியாதவர்கள் எழுதிய உரை தாராவி என்று சொன்னால் மிகையாகாது.

அப்படியானால் ஆட்சியின்மைக் கொள்கை வென்றுவிட்டதா? அவசரப்படலாகாது. குழாய் நீரும், கழிநீர்ப் போக்கும், பள்ளிக்கூடமும் வராத காலத்தில் தாராவி மக்கள் அனுபவித்தது சுதந்திரம் என்று எவரும் சொல்லார். அரசு வராத இடத்தில் தண்ணீர் விற்பவனும், வட்டிக்குக் கொடுப்பவனும், அடியாள் வைத்திருப்பவனும் சிற்றரசர்களாக எழுவது வழக்கம். மீன் உவமை முற்றும் பொய்யன்று.

இதைவிட வலிய மறுப்பு ஒன்றும் உண்டு. மாட்டுங்காவை அடுத்த தாதர் இந்து காலனியில் 'ராஜகிருகம்' என்னும் இல்லத்தில் வாழ்ந்த டாக்டர் அம்பேத்கர், 1948 நவம்பர் 4ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் பேசும்போது, கிராமத்தைத் தன்னாட்சி அலகாகக் கொள்ளவேண்டும் என்ற வாதத்தை மறுத்தார். கிராமம் குறுகிய நோக்கும் சாதியுணர்வும் குடிகொண்ட இடம் என்று கடிந்து, அரசியல் சட்டம் தனிமனிதனையே அலகாகக் கொண்டது குறித்து மகிழ்ச்சி தெரிவித்தார். திருநெல்வேலியிலிருந்து தாராவிக்கு நடந்தும் ரயிலேறியும் வந்தவருள் பலர் பசிக்கு மட்டும் அஞ்சி வந்தவரல்லர். ஊர்க் கட்டுப்பாட்டுக்கும் அஞ்சியே வந்தனர். அவர்களை அடக்கிய அந்த அதிகாரத்துக்கு முத்திரையும் இல்லை, சிப்பந்தியும் இல்லை. ஆயினும் அதுவும் ஓர் ஆட்சியே. தீண்டாமையை ஒழிக்கும் அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவை நிறைவேற்ற ஓர் அரசு வேண்டியிருக்கிறது. மேலிருந்து வரும் அதிகாரத்தைக் கண்ட ஆசார்யா, பக்கத்திலிருந்து வரும் அதிகாரத்துக்குப் போதிய விடை சொன்னாரென்று நமக்குத் தோன்றவில்லை.

ஆயினும் அவர் கேள்வி மடியவில்லை. தாராவிக்கு அரசு வந்தபோது எவ்வாறு வந்தது? குடிசைப் பகுதிகளுக்கான மகாராஷ்டிரச் சட்டம் 1971இல் இயற்றப்பட்டது. 1976இல் பம்பாயின் குடிசைகள் கணக்கெடுக்கப்பட்டுக் குடியிருப்போருக்குப் புகைப்பட அட்டைகள் வழங்கப்பட்டன. பின்னர் மறுகுடியமர்த்தலுக்குத் தகுதி நாள் ஒன்று குறிக்கப்பட்டது. முதலில் 1995 ஜனவரி 1, அப்பால் 2000 ஜனவரி 1. அந்த நாளுக்கு முன் வந்ததைக் காகிதத்தால் நிரூபிப்பவர் 'தகுதியுள்ளவர்'. நிரூபிக்க இயலாதவர் 'தகுதியற்றவர்'. இச்சொற்களை அலுவலகத் தமிழில் எழுதுவது எளிது. ஆனால் இருபது ஆண்டு உழைத்துக் குடிசையைக் கட்டியவன், ஒரு வெள்ளத்தில் ரேஷன் அட்டை நனைந்து போனதனால் தகுதியற்றவன் ஆகக்கூடும் என்பதை எண்ணும்போது, எல்லை தோறும் சீட்டுக் கேட்கப்பட்ட ஆசார்யாவின் நினைவு வராமற் போகாது.

செம்பூர் வேறொரு பாடம் கற்பிக்கிறது. ஆசார்யா மறைந்த 1954லும் அடுத்த ஆண்டிலும், செம்பூரை அடுத்த டிராம்பேயில் இரண்டு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் எழுந்தன. 1960களில் பொதுத்துறை உரத் தொழிற்சாலையும் அங்கே அமைந்தது. நாட்டுக்கு எண்ணெயும் உரமும் தேவை என்பதில் ஐயமில்லை. ஆனால் அவற்றின் புகையை நாள்தோறும் சுவாசித்தோரை எவரும் முன்கூட்டிக் கேட்கவில்லை. பொது நன்மை என்ற சொல் மெய்யாக இருக்கும்போதே, அதன் விலையைச் செலுத்துபவன் யார் என்று கேட்கும் உரிமை தனிமனிதனுக்கு இருத்தல் வேண்டும்.

இவற்றிடையே நம்பிக்கை தரும் நிகழ்ச்சி ஒன்றையும் சொல்லவேண்டும். 2020 ஏப்ரலில் கொரோனா நோய் தாராவியில் நுழைந்தபோது நாடே கலங்கியது. அப்போதும் கையாளப்பட்டது அதே 1897ஆம் ஆண்டுச் சட்டந்தான். தடைகளும் கஷ்டங்களும் இல்லாமலில்லை. வேலை இழந்து ஊர் திரும்பியோர் பட்ட துன்பம் பெரிது. எனினும் மாநகராட்சி ஊழியருடன் அவ்விடத்துத் தனியார் மருத்துவர்களும் தொண்டர்களும் சேர்ந்து வீடு வீடாகச் சென்றனர், பள்ளிக்கூடங்களும் மண்டபங்களும் தனிமை விடுதிகளாயின, உணவு வழங்கப்பட்டது. சில வாரங்களில் நோய் தணிந்தது. ஜூலையில் உலகச் சுகாதார நிறுவனம் அதனை எடுத்துக்காட்டாகக் குறிப்பிட்டது. அதே சட்டம் 1897இல் அச்சுறுத்தி மக்களை ஒளியச் செய்தது. 2020இல் அயலானையும் துணைக்கு அழைத்ததனால் மக்களை முன்வரச் செய்தது. சட்டத்தின் வாசகத்தைவிட, அதனைக் கையில் ஏந்தி வாயிற்படியில் நிற்பவன் மக்களை யாராக மதிக்கிறான் என்பதே பெரிதாயிற்று.

வள்ளுவரும் செங்கோன்மைக்கு ஓர் அதிகாரமும் கொடுங்கோன்மைக்கு ஓர் அதிகாரமும் வகுத்து, குடிகள் அஞ்சத்தக்கன செய்யாமையைத் தனியே மற்றோர் அதிகாரமாகவும் வைத்தார். அரசு வேண்டும் என்பது அவர் துணிபு. அது தன்னைத்தானே அஞ்ச வேண்டும் என்பதும் அவர் துணிபே. அரசியல் சட்டத்தின் அடிப்படை உரிமைகளும், 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் அந்த வழியிலேயே வந்தவை. அரசைப் பார்த்து 'ஏன்?' என்று கேட்கக் குடிமகனுக்கு அவை வாய் தந்தன.

ஆசார்யா கண்ட முடிபை, அதாவது அரசே வேண்டா என்பதை, நாம் ஏற்க வேண்டுவதில்லை. அரசின் காகிதங்களை ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்கு மாற்றி வயிறு வளர்க்கும் நம் போன்றோர் அதை ஏற்பது எளிதுமன்று. ஆனால் அவர் விட்டுச்சென்ற உரைகல் நமக்கு வேண்டியதே. ஓர் உத்தரவு பிறக்கும்போது அது மக்களைத் தம் காரியத்தைத் தாமே செய்யத்தக்கவர் ஆக்குகிறதா, அல்லது என்றென்றும் மனுவைக் கையில் பிடித்து வரிசையில் நிற்போர் ஆக்குகிறதா? இக்கேள்வியை உத்தரவிடும் அதிகாரியும் கேட்டுக்கொள்ளலாம், உத்தரவைப் பெறும் குடிமகனும் கேட்கலாம். அவ்வாறு கேட்பதை அராஜகம் என்று எவரேனும் சொல்வாராயின், அச்சொல்லின் பொருளை அவர் மீண்டும் ஒருமுறை அகராதியிற் பார்ப்பது நலம்.